முதலாளியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மீனும் நலம். சிக்கலே அதுதான். சித்தியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

இன்று காலை கடையில் விளக்கைப் போட்டதும் முதலில் என் கண்ணில் பட்டது, மீன்தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்திருந்த இஸ்திரிப் பெட்டி. தையல் கடையில் அதற்கு இடம் மேசைதான். யார் வைத்தது என்று கேட்டேன். "நீதானே" என்றார் அப்பா. அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் பதில் சொல்லவில்லை. அது கிடக்கட்டும், அம்மா எழுதச் சொன்னதற்கு வருகிறேன். "போன்ல சொன்னா உன் சித்தப்பா சிரிச்சே மழுப்பிடுவார். எழுத்துல போடு. ஒண்ணு விடாம போடு" என்பது உத்தரவு.

நீங்கள் வேலை மாறிப் போனபோது இந்த ஆஸ்கார் மீனைக் கொடுத்து, "கட்டைவிரல் அளவுதான் அண்ணி, இருக்கிற இடமே தெரியாது" என்றீர்கள். இப்போது அது அப்பாவின் செருப்பு நீளம். துணைக்கென்று நீங்கள் விட்ட சின்ன மீன்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, துணையில்லாமல் சௌக்கியமாக இருக்கிறது. நாள் முழுக்கக் கண்ணாடியில் மூக்கை வைத்து நாங்கள் தைப்பதை மேற்பார்வை பார்க்கிறது. அதனால் அப்பா அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார். இரை போடும்போது முதலாளி விரலைக் கடித்ததால் அப்பா கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு சட்டைக்குக் கழுத்தைக் கோணலாகத் தைத்தார். அடியிலிருக்கும் கூழாங்கல்லை வாயில் கவ்விக் கண்ணாடியில் 'டொக் டொக்' என்று மோதுவது அதன் பொழுதுபோக்கு. கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று அம்மா "வாங்க, வாங்க" என்று போய்த் திறப்பார். வாசலில் ஈ காக்கை இருக்காது. ஒருநாள் அலுத்துப்போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் "கல்லைக் கீழ போடுடா தடியா" என்று கத்தினார். அன்றைக்குத் தட்டியது வக்கீல்.

வக்கீல் கோட்டுக்குப் பித்தான் வைக்க வந்தவர். நல்ல மனிதர், கையில் கல் இல்லை என்று விரித்துக் காட்டினார். மூடியைத் திறந்து வைத்திருந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததில், விரித்த கையிலிருந்த பித்தான் உள்ளே விழ, முதலாளி 'லபக்' என்று வாயில் போட்டுக்கொண்டது. "துப்பிடும் சார், உட்காருங்க" என்றார் அப்பா. வக்கீல் முக்காலியில் உட்கார்ந்து, "இது கடிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார். அப்பா கட்டுப் போட்ட விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மா வாயில் குண்டூசி. வேறு வழியில்லாமல் நான் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "கையைக் கொடுத்தா கடிக்கும்" என்றேன். வாடிக்கையாளரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான் சித்தப்பா. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஆள் வந்தால் திரைக்குப் பின்னால்தான் இருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் மீனைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரிகிறது. மீன் போய்விட்டால் என்னிடம் என்ன கேட்பார்கள் என்று தெரியவில்லை. இதை அம்மா எழுதச் சொல்லவில்லை. பித்தானை அது துப்பிவிட்டது.

கடைசிக் குற்றம் நேற்று நடந்தது. தொட்டியைக் கழுவிக் கற்களை இடம் மாற்றி வைத்தோம். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. தொட்டியின் அடியில் ஒருக்களித்துச் சாய்ந்து, செவுள்கூட அசையாமல் கிடந்தது. அப்பா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். 'அது ஒழிந்தால்தான் எனக்கு நிம்மதி' என்று தினமும் சொல்லும் அம்மா, யாருடைய ரவிக்கைத் துணி என்றுகூடப் பார்க்காமல் அதில் முகத்தைப் புதைத்து அழுதார். அப்பா வாளியைக் கொண்டுவந்தார். வாளியைக் கண்டதும் முதலாளி நிமிர்ந்து, எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லை எடுத்துத் தட்டத் தொடங்கியது.

"நடிப்பு" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னையே அழ வெச்சுடுச்சு. எழுதுடி உன் சித்தப்பாவுக்கு."

ஆகவே நீங்கள் உடனே வந்து, முன்பு சொன்னபடி நீங்கள் வேலை பார்க்கும் விடுதியின் வரவேற்பறைத் தொட்டிக்கு இதைக் கொண்டுபோகவும். உங்களுக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடும் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். "இஸ்திரிப் பெட்டியை நான்தான் வெச்சேன். முதலாளி மூடியை முட்டிக்கிட்டே இருந்துது. குதிச்சு வெளியில விழுந்துட்டா?" என்றார். தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா அவர் நிஜமாவே வந்து தூக்கிட்டுப் போயிடுவார்டி" என்றார்.

"நீதானேம்மா எழுதச் சொன்னே."

"கோவத்துல சொன்னேன். அதுக்குன்னு நம்புற மாதிரியா எழுதுவே?"

கிழித்துவிடவா என்று கேட்டேன். எழுதியதை எதற்கு வீணாக்குவது, அனுப்பிவிடு, வர வேண்டாம் என்று அடியில் சேர்த்துவிடு என்கிறார். வந்தால் பெரிய தொட்டியோடு வரவும்.

இந்த வரியை எழுதும்போது 'டொக் டொக்' என்று கேட்டது. முதலாளியைப் பார்த்தேன், வாயில் கல் இல்லை. அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா வாயில் மறுபடியும் குண்டூசி. நான் போய்க் கதவைத் திறந்து, "வாங்க" என்றேன்.