மகஜர் பார்த்த ஒரே சம்பவம்

கொங்கு நாட்டில் நடந்த குற்றங்களில் பாதியை நேரில் பார்த்தவர் ஒரே மனிதர்தான். அவரை வக்கீல்கள் நாங்கள் மகஜர் என்போம்.

பல்லடம் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்தார். போலீஸ் எந்தப் பொருளைக் கைப்பற்றினாலும் அந்த இடத்திலேயே மகஜர் எழுதி, பார்த்தவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். கோர்ட்டுக்கு அலையப் பயந்து ஊர்க்காரர்கள் நழுவிவிடுவார்கள். காக்கிச் சட்டை தேய்த்துப் பிழைப்பவர் எங்கே நழுவுவார்? எழுதி முடித்த மகஜர் வண்டிக்கே வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

ஒரே சாயங்காலம் பல்லடத்தில் கஞ்சா மூட்டையையும் கோபிசெட்டிபாளையத்தில் களவு போன மோட்டாரையும் பார்த்திருக்கிறார். அங்கே எப்படிப் போனீர்கள் என்று கூண்டில் கேட்டதற்கு, பஸ்ஸில் என்றார். ஜன்னலோர சீட்டு கிடைத்ததையும் சேர்த்துக்கொண்டார். நம்பத்தகுந்த, நடுநிலையான சாட்சி என்று அரசு வக்கீல் அவரை வாயாரப் புகழ்வார். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததும், மகஜரின் சட்டைப் பையில் ஒரு சீப்பு ஏறியது.

பிறகுதான் ஒரு கோழிப்பண்ணைக் காவலாளியை யாரோ குத்திக் கொன்றார்கள். தறி ஓட்டும் முருகேசனைப் பிடித்தார்கள். அவனுக்கு ஆஜரானவர் என் சீனியர். ஒருநாள் காலையில் எங்கள் ஆபீஸ் வாசலில் மகஜர் வந்து நின்றார். கொலை நடந்த நேரத்தில் முருகேசன் அவருடைய வண்டியருகே, பெண் பார்க்கப் போவதற்கான சட்டையைத் தேய்த்து வாங்கக் காத்திருந்தானாம். ஸ்டேஷனில் சொன்னதற்கு, போய் வேலையைப் பாரும் என்றார்களாம். ஊரில் இத்தனை பேர் இருக்க இவர்தானா பார்க்க வேண்டும் என்று சீனியர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு சாட்சி கிடையாது.

மகஜர் கூண்டேறினார். அதே அரசு வக்கீல் பழைய மகஜர்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இதையெல்லாம் நேரில் பார்த்தீரா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும். ஜெயித்த வழக்குகளின் சாட்சியைப் பொய்யர் என்று சொல்ல அரசுத் தரப்புக்கே வாய் வராது. சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அதெல்லாம் பாக்கலீங்க. கையெழுத்துத்தான் போட்டனுங்க. இதைத்தான் பாத்தனுங்க."

நம்பத்தகாத சாட்சி என்று ஒதுக்கிவிட்டார்கள். முருகேசனுக்கு ஆயுள் தண்டனை. அப்பீல் இன்னும் கிடக்கிறது. இஸ்திரி வண்டிக்குக் காக்கித் துணி வருவதும் நின்றுபோனது.

இப்போது மாதாமாதம் கோவை ஜெயிலுக்கு மனு போட்டு முருகேசனைப் பார்க்கப் போகிறார். ஒருமுறை நானும் கூடப் போனேன். என்ன உறவு என்று புதிதாக வந்த வார்டர் கேட்டார்.

"சாட்சிங்க."

அப்படி ஓர் உறவு கிடையாது என்றார் வார்டர். மகஜர் அசையாமல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து, பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். உள்ளே விட்டார்கள்.

நடந்துகொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பொய் வேண்டாங் கண்ணு. அவனுக்கு ஆகாது."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.