பெஞ்சு முழுக்கப் பாஸ்

அன்பும் மரியாதையும் மாறாத அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் மனைவியும் நலம், என் இரண்டு கண்கள் மட்டும் நலமில்லை. அவ்விடம் நீயும் அத்தானும், அத்தானுடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். கடிதத்தின் வரிகள் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கினால் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான், கோடுதான் எனக்குத் தெரியவில்லை. "அரசாங்க ஆஸ்பத்திரியா பிரைவேட்டா, என்னடா முடிவு பண்ணினே?" என்று நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரும் வரவில்லை. நடந்ததைப் போனில் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கண்புரை ஆபரேஷன் எனக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நீ நினைப்பது போல டிவி பார்க்க அல்ல. ஓய்வு பெற்ற பிறகும் டியூஷன் சென்டருக்குப் புவியியல் விடைத்தாள் திருத்திக் கொடுக்கிறேன் அல்லவா, போன மாதம் ஒரு பெண் தன் விடைத்தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். வரைபடக் கேள்விக்கு நான் பூஜ்யம் போட்டு, 'பக்கம் காலி' என்று சிவப்பு மையில் குறிப்பும் எழுதியிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "காலியா? ஆறு, மலை, துறைமுகம் எல்லாம் பென்சில்ல வரஞ்சிருக்காளே" என்றாள். அந்தப் பெண் சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. "நான்தான் லேசா வரஞ்சுட்டேன் சார், பரவால்ல" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். கண் சரியாகும்வரை சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது விடைத்தாள் கட்டுகள் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கின்றன, நான்தான் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

சரி, எங்கே போவது? நீயானால், "தினம் நூறு கண்ணு பாக்கிற கைடா, தப்பாது" என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தள்ளினாய். என் மைத்துனனோ, "கண்ணு விஷயத்துல போய் வரிசையில நிப்பாங்களா?" என்று தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்தான். இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டேன். மூத்தவள் சொல்லைத் தட்டக் கூடாது என்று முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போனேன். முதல் நாள் விடியற்காலையில் போய் அறுபத்து மூன்றாவது டோக்கன் வாங்கினால், கண் அழுத்தம் பார்க்கிற மிஷின் ரிப்பேர். இரண்டாம் நாள் மிஷின் வந்துவிட்டது, டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் இரண்டு பேரும் இருந்தார்கள். இந்த மூன்று நாளும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு எங்கே இருந்தது என்று கேள். எழுத்துப் பலகை படிக்கிற அறைக்கு வெளியே, கதவை ஒட்டி. கதவைச் சாத்த முடியாது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் 'ட, ப, ம' என்று அதே பலகையைத்தான் உரக்கப் படிக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், அவளை யாரும் கேட்கக்கூட இல்லை, கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்துக் காட்டிவிட்டுப் போனாள். மூன்று நாள் காதில் விழுந்தால் சுவருக்கே மனப்பாடம் ஆகிவிடும், எனக்கு ஆகாதா?

அதோடு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். "படிக்க வராட்டி என்ன சார் பண்ணுவாங்க? திருப்பி அனுப்பிடுவாங்களா?" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் லாரி டிரைவர், அவரும் அதே பயத்தில் இருந்தார். பரீட்சைக்குப் பயப்படுகிற முகத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? பெஞ்சிலேயே பாடம் ஆரம்பிச்சுட்டேன். முதல் வரியை நான் சொல்ல அவங்க சொல்ல, ரெண்டாவது வரி, மூணாவது வரி, தடுமாறினவங்களுக்குத் தனியா ரெண்டு தடவை. சலவை செய்கிற அம்மா ஒருத்தி கடைசி வரியைத் தலைகீழாகவே ஒப்பித்தாள், அவ்வளவு புத்திசாலி. ஆறு பேர் அக்கா. ஆறு பேரும் உள்ளே போய்க் கடைசி வரிவரை படிச்சுட்டு வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. என் சர்வீஸில் அறுபது சதவீதம் தேர்ச்சி வாங்கவே தலைகீழாய் நின்றவன் நான், நூறு சதவீதம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழாவதாக நான் போனேன். அங்கே பலகை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பனிமூட்டம்தான் இருந்தது. "தெரிஞ்சதப் படிங்கய்யா" என்றார் நர்ஸ். தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. வெளியே என் மாணவர்கள் ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வாத்தியார் ஃபெயில் ஆகலாமா? மூச்சு விடாம கடைசி எழுத்துவரைக்கும் ஒப்பிச்சுட்டேன். நர்ஸ் அசந்துபோய் எழுதிக்கொண்டார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை இருக்கு சார். ஆனா கடைசி வரி படிக்கிறீங்க. உங்களவிட மோசமா இருக்கறவங்க வரிசையில நிக்கிறாங்க, ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று சீட்டை மடித்துக் கொடுத்தார். வெளியே வரும்போது டாக்டருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அது கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டு என்று பிறகு தெரிந்தது.

இப்போ புரியுதா நான் ஏன் போனை வெச்சேன்னு? முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹாலில் சுற்றினவன். பசங்க எனக்கு வெச்ச பேரு கழுகு. சட்டைக்கைக்குள்ள, செருப்புக்குள்ள, தண்ணி பாட்டில் லேபிளுக்குப் பின்னால, எங்க பிட்டு வெச்சாலும் பிடிச்சு எழுப்பி நிக்க வெச்சவன். அவன் காதால காப்பியடிச்சுப் பாஸாயிட்டு வந்து நிக்கிறான். இதை என் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. "ஏன் ஒரு வருஷம்?" என்று அவள் கேட்டதற்கு, மிஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் மைத்துனன் சொன்ன தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோபா, மீன் தொட்டி, குடிக்க ஜூஸ், டாக்டரைத் தவிர எல்லாம் உடனே வந்தது. இங்கே பலகை கிடையாது, திரைதான். ஆளுக்கு ஆள் எழுத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், கேள்வித்தாளை எப்படி அமைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். நான் முதல் வரியிலேயே ஃபெயில். ஃபெயிலானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட முகங்களை நான் பார்த்ததே இல்லை. ரெண்டு கண்ணும் பண்ணிடலாம், வர்ற வெள்ளிக்கிழமையே இடம் இருக்கு என்று ஒரு பெண் ஆல்பத்தை விரித்து மூன்று விதமான லென்ஸ் காட்டினாள். "எந்த லென்ஸ் வெச்சா பென்சில் கோடு தெரியும்மா?" என்றேன். "மூணுலயும் தெரியும் சார்." "அப்புறம் எதுக்கு மூணு?" அவள் இன்னொரு ஜூஸ் கொண்டுவரச் சொன்னாள்.

ஆக, ஒரே கண்ணுக்கு ரெண்டு தீர்ப்பு. அங்கே போனால் அடுத்த வருஷம், இங்கே போனால் வெள்ளிக்கிழமை. நீ சொன்ன கையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நல்ல டாக்டர்தான். ஆனால் அந்த நர்ஸ் முன்னால் போய், "அம்மா, நான் பார்த்துப் படிக்கல, கேட்டு ஒப்பிச்சேன்" என்று சொல்வதைவிடப் பென்ஷனில் பாதியை அழுதுவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். பிரைவேட்தான். காரணம் என்ன என்று அத்தான் கேட்டால் ஏ.சி. இருக்கிறது என்று சொல். இதற்குமேல் இந்த விஷயத்தைப் பேசாதே. படித்தவுடன் கடிதத்தைக் கிழித்துப் போடு, அத்தான் கண்ணில் படவிடாதே, அவருக்குக் கண் நன்றாக இருக்கிறது.

பெரியவர்களான உங்கள் இருவர் பாதத்துக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. வெள்ளிக்கிழமை எனக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு: மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதத்தை உறைக்குள் போடும்போது நிஜமாகவே வாசலில் யாரோ வந்தார்கள். அந்தத் தையல்காரர். பெஞ்சில் பேச்சுவாக்கில் நான் சொன்ன டியூஷன் சென்டரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். பக்கத்தில் வந்தபிறகுதான் பார்த்தேன், இடது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. "நீங்க நல்லாத்தான் சார் சொல்லிக் குடுத்தீங்க. ஊசிக் காதை மனப்பாடம் பண்ண முடியலையே" என்றார். நேற்று ஒரு சட்டையில் கழுத்தை மூடித் தைத்துவிட்டாராம். லாரி டிரைவர் வண்டியை எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாராம். இவர்களுக்கு வெள்ளிக்கிழமையும் கிடையாது, மீன் தொட்டியும் கிடையாது அக்கா. ஆறு பேரையுமே ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லிவிட்டார்களாம், நான்தான் அவர்கள் முறையைக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் போட்ட பூஜ்யத்தை என் மனைவி பார்த்துச் சொன்னாள், இதை யார் பார்த்துச் சொல்வது?

மற்ற ஐந்து பேருக்கும் தையல்காரர் சொல்லிவிடுவார், நாளை காலை நாங்கள் ஏழு பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நர்ஸ் முன்னால் முதலில் எழுந்து நின்று சொல்லப் போவது நான். தையல்காரர் கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "இந்தத் தடவை எந்த வரியோட நிறுத்தணும்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றார். பாடமே வேண்டாம், தெரியாத இடத்தில் தெரியலைன்னு சொன்னால் போதும் என்றேன். எதற்கும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று ரெண்டு பேரும் வாசலில் நின்று பழகினோம். அவர் முதல் தடவையே சரியாச் சொல்லிட்டார். எனக்குத்தான் நாலு தடவை ஆச்சு.