பக்கம் புரட்டும் வேலை

எச்சில் தொட்டுப் புரட்டியதுதான் முதல் தப்பு. பியானோ முன்னால் மச்சான் தலையாட்டியது ஒரு தரம். ஒட்டிக்கொண்டு திரும்பியது இரண்டு தாள்.

மாப்பிள்ளை என்ன செய்வார், பாவம்! இருபது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரல், எச்சில் இல்லாமல் காகிதத்தைத் தொடுமா? மேடையில் பக்கம் புரட்டுவது அவர் மனைவியின் வேலை. மச்சானுக்கு ஒரே தங்கை. அவள் போய் மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து மாப்பிள்ளை வேலைக்குப் போகவில்லை, சவரம் செய்யவில்லை. மச்சான்தான் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டார். பழுதென்று கழற்றிய குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் அவர் இன்னும் மாட்டவில்லை. துக்கத்திலிருக்கும் மனுஷன், உள்ளே ஆள் இருப்பது தெரிய, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருந்தது.

தனக்கு இசை நோட்டு படிக்கத் தெரியாது என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நான் தலையாட்டும்போது புரட்டுங்க மாப்பிள்ளை, போதும். நீங்க இல்லேன்னா கச்சேரியே இல்ல."

முன்வரிசையில் இசைக் கல்லூரித் தலைவர் உட்கார்ந்திருந்தார். இன்று வாசிப்பு நன்றாக அமைந்தால் மச்சானுக்கு அங்கே நிரந்தர வேலை. சொதப்பினால் அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஒட்டிய தாளைப் பிரித்தார். அது குறுக்கே கிழிந்தது. மச்சான் மறுபடி தலையாட்டினார். எதைப் புரட்டுவது? குத்துமதிப்பாக ஒன்றைப் புரட்டினார். மச்சான் அசரவில்லை, வாசித்துக்கொண்டே போனார். இல்லாத பக்கத்தை எப்படித்தான் சமாளிக்கிறாரோ!

இடைவேளை வரை பழைய மேதைகளின் இசை. அதற்குப் பின் இந்தக் காலத்துக்காரர்களுடையது. அந்தத் தாள்கள் மேஜைவிரிப்பு அகலம், எல்லாம் உதிரி. இந்த முறை எச்சிலே வேண்டாம் என்று வைராக்கியமாகப் புரட்டினார். வழுக்கி, ஒன்பது தாளும் பெடலுக்கடியில் போய் விழுந்தன. மண்டியிட்டு, மச்சானின் கால்களுக்கு நடுவே கையை விட்டார். நன்றாக மிதி வாங்கினார். கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு அள்ளி வைத்த பிறகுதான் பார்த்தார், பாதி தலைகீழாக இருந்தது.

செத்தவளின் வேலையை ஒரு நாள்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுகிறார்கள் என்றே மாப்பிள்ளை நினைத்தார். மச்சான் முகத்தில் விழிக்கப் பயந்து மேடைக்குப் பின்னால் ஓடி, அங்கே நின்ற பியானோ சுருதி சேர்ப்பவரிடம் தாள்களை நீட்டினார்.

"மச்சான் பொழப்பையே கெடுத்துட்டேங்க. எந்தப் பக்கம் எங்க இருக்குன்னே தெரியாம பண்ணிட்டேன்."

சுருதிக்காரர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னிக்கு வாசிச்ச நோட்டே இல்லீங்க, அதையெல்லாம் அவர் மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டார், உங்களை வீட்டுல தனியா விட்டுட்டு வந்தா கை ஓடாதுன்னுதான் இந்த வேலையைக் குடுத்தார்."