கதிரை மாமாவும் ஒன்பது பேர் மேசையும்

மன்னார்த் தீவில் கதிரை மாமா இல்லாமல் ஒருவரும் செத்ததில்லை. செத்திருந்தாலும் அது கணக்கில் இல்லை.

பிளாஸ்டிக் கதிரையும் பந்தலும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஆனால் இறக்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை. எங்கள் செத்தவீடுகளில் அடக்கம் முடியும்வரை பந்தலுக்குள் சீட்டு ஓடும். மற்றவர்கள் முந்நூற்றிநாலு என்கிற ஆட்டம் விளையாட, மாமா கட்டாரில் வேலை செய்த காலத்தில் பழகிய போக்கரை விரிப்பார். பந்தயம் புளியங்கொட்டை.

மேசையில் ஒன்பது பேர் இருக்க வேண்டும். எட்டுப் பேர் என்றாலும் சீட்டை மடிக்குள் செருகிவிட்டு எழும்பிவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒன்பது பேர் இருந்தா, நல்ல சீட்டு வருமட்டும் எறிஞ்சுபோட்டு இருக்கலாம். மூண்டு பேரெண்டா வெறுஞ்சீட்டை வச்சுக்கொண்டு ராசா கிடக்கிற மாதிரி முழிக்க வேணும். எனக்குப் பொய் வராதடா."

எறிவதில் அவரை வெல்ல ஆளில்லை. பேசாலையில் ஒரு செத்தவீட்டில் செபமாலை முடிந்து, சவப்பெட்டியும் கோயிலுக்குப் போன பிறகும் எறிந்துகொண்டே இருந்தாராம். கடைசியில் இரண்டு ராசா வந்து, சந்தோசத்தில் நிமிர்ந்து பார்த்தால் சுற்றிவர வெறுங்கதிரை.

ஆள் குறைந்தால் றோட்டில் இறங்கிப் பிடிப்பார். ஒருநாள் பேக்கரிப் பாணைப் பாட்டுப் போட்டு விற்கிற ஆட்டோக்காரரைப் பிடித்து இருத்திவிட்டார். ஆட்டோவின் பாட்டு நிற்கவில்லை. ஊரே பாண் வாங்க அந்த வாசலில் வந்து நின்றது. அன்று செத்துக் கிடந்த மனிசனுக்கு வந்த சனம்போல் எவருக்கும் வரவில்லை என்று இன்றைக்கும் கதைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் காசிம் நானாவையும் விடவில்லை. சூது கூடாது என்று நானா மறுத்தார். கதிரையில் இருப்பதற்குத் தடையில்லையே என்று மாமா கேட்டார். அன்றிலிருந்து நானா வந்து இருப்பார், வருகிற சீட்டைப் பாராமலே எறிவார். எறிவதில் தன்னை வென்றுவிடுவார் என்று மாமா பயந்தது அவர் ஒருவருக்குத்தான்.

போன மாரியில் என் அப்பா போய்விட்டார். நானாட்டான் ஊரில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் வெள்ளத்துக்கு அங்கால் அகப்பட்டுவிட்டார்கள்; ஊர்ச்சனமும் மழைக்கு வெளிக்கிடவில்லை. மழைக்குப் பந்தலைச் சுற்றிப் படங்கு இறக்கியிருந்தது. வீட்டுக்குள் அப்பாவின் பெட்டியடியில் இருந்த அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஊரில் ஒரு செத்தவீடும் விடாமல் போன மனிசனுக்கு ஒருத்தரும் வராமல் போய்விடுமோ என்று பயந்து, ஆர் வந்திருக்கினம், ஆர் வந்திருக்கினம் என்று கேட்டுக்கொண்டே இருந்தா. வந்திருந்தது மாமாவும் நானாவும்தான்.

மாமா கதிரைகளை அடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையை இழுத்துப் போட்டுச் சீட்டைக் குலுக்கினார்.

"மாமா, மூண்டு பேர்தானே இருக்கிறம்."

"சத்தம் போட்டு விளையாடு. கொம்மாவுக்குக் கேக்கட்டும்."

நானா வழமைபோல எறிந்துவிட்டார். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். மாமா கரகரத்த குரலில் பந்தயத்தை ஏற்றினார், கீச்சுக் குரலில் அதை ஏசினார். இல்லாத ஆளை எழும்பச் சொன்னார், இருக்கச் சொன்னார். வெறுஞ்சீட்டு வந்தபோதெல்லாம் மாமாவின் உதடு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக் காட்டிக்கொடுத்தது. புளியங்கொட்டை முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. நானா மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். அப்பா போனபிறகு நானும் முதல்முறை சிரித்தேன்.

"தம்பி, கனபேர் போல கிடக்கு," அம்மாவின் குரல் கேட்டது.

நான் வாய் திறக்கமுன் மாமா சொன்னார்: "இருக்க இடமில்லைத் தங்கச்சி. கொஞ்சப் பேர் நிக்கினம்."

அம்மா உடனே நானா வீட்டுக்குப் போன் அடித்து எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னா. நானாவின் மனைவி பெரிய தட்டம் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தா. எங்கள் மூன்று பேரையும் பார்த்தா, தட்டத்தை வைத்துவிட்டுப் போனா.

கிளாஸ்களைக் கழுவ அம்மாவைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும், குடியாமல் மிஞ்சினால் கண்டுவிடுவா. மழைக்குள் ஊற்றிவிடுவோம் என்றேன். கொப்பாட செத்தவீட்டுத் தேத்தண்ணியடா, ஊத்தக் கூடாது என்றார் மாமா. நானும் நானாவும் இரண்டிரண்டோடு நின்றுவிட்டோம். மிச்சத்தை எல்லாம் மாமாதான், அந்தச் சீனி வருத்தக்காரர், ஒவ்வொரு கிளாஸாக எடுத்து அடிவரைக்கும் குடித்தார்.