காத்தவராயனும் கரண்டு மிஷினும்

ஆறடி தூரம் புல்லை வெட்டியதும் மிஷின் நின்றுவிட்டது.

காத்தவராயன் அதை ஓர் உதை விட்டுப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்து அனுப்புகிற கம்பெனியில், பதினோரு வருஷமாக அரிவாளால் புல் அறுத்துவந்த தற்காலிகத் தோட்டக்காரர் அவர். போன வாரம்தான் மெட்ராஸிலிருந்து இந்தப் புல்வெட்டி மிஷின் வந்து இறங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள இதை ஓட்டிக் காட்டு. அப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசுவோம்" என்றிருந்தார் மேனேஜர்.

வேலை நிரந்தரமாகப் போகிறதென்று கருவேப்பிலங்குறிச்சி மாமியார் வீடு வரைக்கும் சேதி போயாயிற்று.

மிஷினை அணைத்துவிட்டு ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சுவரில் மிஷின் ஒயரைச் செருகிய பிளக்கும் அதன் சுவிட்சும் சரியாகத்தான் இருந்தன. பக்கத்தில் டைப்பிஸ்ட் ரோசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்டு இருக்குதா தங்கச்சி?"

"ஃபேனு சுத்துதே, தெரியல?"

அப்படியானால் ஒயர்தான் கோளாறு. மைக் செட் காஸ்பரிடம் ஓடி, வேறு ஒயர் வாங்கிவந்தார். பின்னாலேயே காஸ்பரும் வந்தான்.

"மாதா கோயில் தேருக்குக் கட்ட வேண்டிய ஒயருண்ணே, பாத்து!"

மிஷின் ஓடியது. பத்தடி. நின்றது.

"பிளக்குக்குத் தனி ஃபியூஸு இருக்கும். அதுதான்" என்றான் காஸ்பர்.

"நம்ம கம்பெனி கட்டையக் குத்தம் சொல்லாத!"

கட்டையை மன்னித்துவிட்டு, அதிலிருந்த முடி மாதிரிக் கம்பியை மட்டும் பிடுங்கினார். துணி காயப்போடும் கொடிக்கம்பியில் ஒரு துண்டு நறுக்கி முறுக்கினார். மிஷின் ஓடியது. மறுபடி நின்றது.

கடைசியில் மிஷினையே பிரித்துப் பூட்டினார்கள். மூன்று திருகு மிஞ்சியது.

"இதெல்லாம் உபரியா குடுக்கறதுண்ணே" என்றான் காஸ்பர்.

மிஷின் சுவிட்சைத் தட்டினார். டமார்! ஃபியூஸில் முறுக்கிய கொடிக்கம்பி உருகவில்லை, தெருக்கம்பத்தில்தான் பொறி பறந்தது. ஆபீஸ் ஃபேன் நின்றது. எதிரே சொர்ணாம்பாளின் மாவு மில்லும் நின்றது. அந்தம்மாள் மூக்கு வரை மிளகாய்த்தூளோடு வந்து நின்றாள்.

"ஏங்க, நீங்க புல்லு வெட்டுறதுக்கு என் மில்லுதான் கெடச்சுதா?"

மேனேஜர் வியர்த்து வழிய வெளியே வந்தார்.

"இந்தச் சனியனைத் தூக்கிக் குடோன்ல போடு! நாளையிலேர்ந்து அரிவாளையே எடு!"

காத்தவராயன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு தங்கச்சி. வேலை போச்சு."

மேனேஜர் பின்னாலேயே வெளியே வந்திருந்த ரோசி, கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்தாள்.

"மிஷினு ஓடிட்டா தோட்டக்காரர வேலைய விட்டு நிறுத்திடலாம்னு காலையில இதை டைப் அடிச்சதே நான்தாண்ணே, அதுக்காவத்தான் மூணு தடவையும் சுவிட்ச்ச ஆஃப் பண்ணி, நீங்க வந்து பாக்கறதுக்குள்ள திரும்ப ஆன் பண்ணேன், நீங்க என்னடான்னா ஊரு கரண்டையே புடுங்கிட்டீங்க!"