அப்பாவின் ஒத்தாசை

மதிப்பீட்டாளர் வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. முந்தின நாள் சாயங்காலம் பாப்பா வந்து இறங்கியபோது அது சொட்டவில்லை.

பாப்பா என்பது அப்பா கூப்பிடுகிற பெயர். வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் உட்கார வைக்கிற தலைமையாசிரியை அவள். இந்த வாசற்படியைத் தாண்டினால் மட்டும் பாப்பா. அம்மா போனதிலிருந்து அப்பா இந்த வீட்டில் தனியாக இருந்தார். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று அவள் போனில் சொல்லாத நாள் இல்லை. கடைசியில் போன மாதம் "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து வீட்டை அளந்து மதிப்புப் போட இன்று ஆள் வருகிறார். வந்த வேலை மளமளவென்று முடியட்டும் என்று பாப்பா காலையிலேயே பத்திரங்களை மேஜையில் எடுத்து வைத்து, நடைவழியில் கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒழித்து, எல்லா அறைக்கும் தடங்கலில்லாமல் போய்வர வழி செய்திருந்தாள்.

மிச்சம் இருந்தது இந்தச் சொட்டு ஒன்றுதான்.

"நீ நகரும்மா, நான் பாக்கறேன்" என்றார் அப்பா.

பாப்பாவுக்குப் பகீரென்றது. அப்பா தபால் ஆபீசில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். ஆணி அடிப்பதும் பல்பு மாட்டுவதும் அம்மாவின் இலாகா; அப்பா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதோடு சரி. ஆனால் எங்கிருந்தோ ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து நின்றவரின் முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அப்பா ஒரு திருகு திருகினார். சொட்டு, கோடாயிற்று. இன்னொரு திருகில் குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. பாப்பா பாய்ந்து போய் உள்ளங்கையால் பொத்த, தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சி அவளைத் தலையோடு குளிப்பாட்டியது. மாடித் தொட்டியின் வால்வை மூடச் சொன்னாள். அப்பா ஓடினார். மாடிக் கதவுப் பூட்டில் சாவியை எந்தப் பக்கம் திருகினாரோ, திரும்பி வந்தபோது பாதிச் சாவிதான் கையில் இருந்தது.

"மீதி எங்கப்பா?"

"பூட்டுல இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு."

பாப்பா ஒரு பழைய துண்டைக் குழாயில் சுற்றி இறுக்கிக் கட்டி, கீழே வாளியை வைத்தாள். நிமிர்ந்தால், பீய்ச்சிய தண்ணீர் வாசல் வழியே தெறித்துக் கூடத்துச் சுவரில் தலையணை அகலத்துக்கு ஈரம். புத்தக அலமாரியை நகர்த்தி அதை மறைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் அப்பாதான். நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாரம் தவறாமல் பேசுகிற பாப்பா கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் தள்ளினாள். அப்பா எதிர்ப்பக்கம் நின்று கை கொடுத்தார். அவர் கொடுத்த கையில், நனைந்த தரையில் அலமாரி ஈரச் சுவரைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறை வாசலில் சிக்கி நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மதிப்பீட்டாளர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஜன்னல்களைப் பார்த்து, நல்ல வெளிச்சம் என்றார். பாப்பாவுக்கு உயிர் வந்தது. அப்பாவோ அவர் பின்னாலேயே நடந்து ஒத்தாசை செய்ய ஆரம்பித்தார். அந்தச் சுவரைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அதில் ஒன்றுமே இல்லை என்றார். மனிதர் நேராகப் போய் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்த்தார். மழைக்கு ஒழுகுமா என்று அவர் கேட்கவே இல்லை. ஒழுகவே ஒழுகாது, ஒழுகினாலும் ஒரே இடத்தில்தான் என்று அப்பா தாமாகவே சத்தியம் செய்தார். படுக்கையறைக்குப் போக அலமாரி விடவில்லை. மாடிக்குப் போகப் பூட்டு விடவில்லை. சமையலறையில் துண்டு அவிழ்ந்துகொண்டது. தண்ணீர் கூடத்தைக் கடந்து வந்து மனிதரின் காலுறையை நனைத்தது.

பாதி வீட்டைப் பார்த்துவிட்டு முழு வீட்டுக்கு மதிப்பு எழுத முடியாதே என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஈரக் காலோடு கிளம்பினார். அப்பா தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அப்பா உள்ளே போய் உலர்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால், பிடரியில், மெதுவாக. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண்தான் கலங்கியது.

"ஒரு குழாயைத் திருகத் தெரியல. நான் இல்லாதப்ப இங்க எப்படிப்பா காலம் தள்ளுறீங்க? அதுக்குத்தானே என்கூட வந்துடுங்கன்னு சொல்றேன்."

துவட்டுகிற கை ஒரு நிமிஷம் நின்றது.

"உன் வீட்டுல எல்லாம் புதுசும்மா. எதுவும் கெட்டுப்போறதே இல்ல."

அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்ட பாப்பா, அதனால்தான் அங்கே வந்தால் அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். அப்பா மறுபடி துவட்ட ஆரம்பித்தார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் பாப்பா போன் பண்ணி வரச் சொல்லியிருந்த பிளம்பர். அவரைக் கண்டதும் அப்பா துண்டை அவள் தலையிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவப் பார்த்தார்.

பெரியவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை, தெரியாமல் கையை வைத்துவிட்டார் என்று பாப்பா அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிளம்பர் அவளையும், பின்வாசல் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"என்ன சார் இது, இந்தத் தெருவுல ஒரு குழாய், ஒரு பூட்டு விடாம எல்லார் வீட்டுக்கும் நீங்களே போய்ச் சரி பண்ணிக் கொடுத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, இப்ப உங்க வீட்டுக் குழாய்க்கு என்னைக் கூப்பிடுறீங்க?"