நார்பர்ட் மாமாவின் பிடரி

டாரியா ஷிம்சாக்கின் கல்யாண முத்தத்துக்கு விலை ஆயிரத்து எண்ணூறு டாலர். வரி தனி.

முத்தம் கொடுக்கப்போவது மாப்பிள்ளை. பணம் வாங்கப்போவது டுவேன் பிலார்ஸ்கி. பாதிரியார் "இனி நீங்கள் கணவன் மனைவி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நடந்து முடிந்துவிடும் அந்த ஒரு நொடியை மங்காமல் பிடித்துக் கொடுக்கிற கூலி அது. மற்ற படங்களெல்லாம் கொசுறு.

பூசைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் காரை நிறுத்தி, புது கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, டுவேன் புது லென்ஸை மாட்டிப் பார்த்தான். மாட்டவில்லை. துடைத்துவிட்டு மாட்டிப் பார்த்தான். ஊதிவிட்டு மாட்டிப் பார்த்தான். கடைசியில் லென்ஸைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பார்த்தான். அங்கே வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டும். சிவப்புப் புள்ளி இருந்தது.

இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான். சிவப்பேதான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கேமரா கம்பெனிக்கும் லென்ஸ் மாட்டுகிற வாய் வேறு வேறு. ஒரு ஜாடியின் மூடி இன்னொரு ஜாடிக்குச் சேராது. ஹோஷிதா வாங்குவதா, நகமோ வாங்குவதா என்று முடிவு செய்ய முடியாமல் டுவேன் இரண்டையும் வாங்கியிருந்தான். ஒரு மாதத்துக்குள் பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது கடையின் விதி. கேமரா கம்பெனியே செய்கிற லென்ஸ் என்றால் வீட்டை விற்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் டோரன் என்ற மூன்றாவது கம்பெனியின் லென்ஸை வாங்கினான். விலை பாதி. டோரன்காரன் ஒரே லென்ஸை இரண்டு வாய்க்கும் செய்து விற்கிறான். அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் பின்புறத்தில் மட்டும்.

மூன்று வாரம் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரை இரண்டு கேமராவிலும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தான். கேமராப் பைத்தியங்களுக்குச் செங்கல்தான் தெய்வம். படத்தின் மூலையில் இருக்கிற செங்கல் மங்கினால் தூக்கம் போய்விடும். இணையத்தில் ஹோஷிதா கட்சி ஒன்று, நகமோ கட்சி ஒன்று. இரண்டும் தேர்தல் இல்லாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. டுவேன் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் இன்னொரு கட்சியிலும் இருந்தான். நேற்று வெள்ளிக்கிழமை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு நகமோ என்று முடிவு செய்து, ஹோஷிதாவையும் அதன் லென்ஸையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

மனைவிக்குப் போன் போட்டான்.

"லொரேன், நேத்து நான் எந்த லென்ஸத் திருப்பிக் குடுத்தேன்?"

"என்னையா கேக்குற? மூணு வாரமா சாப்பாட்டு மேசையில ரெண்டு கேமராவும் நாலு பெட்டியும். உப்பு எங்கன்னு கேட்டாக்கூட லென்ஸ் மூடியத்தான நீட்டுன."

"பெட்டி மாறிப்போச்சு. நகமோ லென்ஸ ஹோஷிதா பெட்டியில வச்சுக் குடுத்துட்டேன். இப்ப என்கிட்ட இருக்கிறது ஹோஷிதா லென்ஸ்."

லொரேன் மெதுவாகச் சொன்னாள்: "காலையில ரிச்சி போன் பண்ணினான். உன் கால் அளவு கேட்டான்."

"எதுக்கு?"

"ரப்பர் பூட்ஸுக்கு."

ரிச்சி அவளுடைய தம்பி. பஃபலோ வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுக்கிற லாரி வைத்திருக்கிறான். வசந்தத்தில் டுவேனுக்குக் கிடங்கு வேலை போனபோது, கல்யாணப் படம் எடுத்தே பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லி அந்த லாரியில் ஏறாமலிருக்க இலையுதிர்காலம் வரை லொரேனிடம் அவகாசம் வாங்கியிருந்தான். இலை உதிர்ந்து பாதி மரம் மொட்டையாகிவிட்டது.

இன்றைய மணப்பெண்ணின் அப்பா கஸ் ஷிம்சாக். ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் அவருடையது. மண்டபம் பிடிக்க வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் அங்கே ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: கேக்குக்கு இவர், பூவுக்கு இவர், படத்துக்கு இவர். அதில் பெயர் ஏறினால் வருஷம் முழுக்க சனிக்கிழமை நிரம்பிவிடும். ஏறாவிட்டால் திங்கட்கிழமை பூட்ஸ்.

கடைக்குப் போன் போட்டான்.

"அந்த லென்ஸா சார்? திறந்த பெட்டின்னு கழிவு விலை போட்டோம், நேத்து சாயங்காலமே போயிடுச்சு. ஒரு பெரியவர் வாங்கினார். பழைய லென்ஸையும் எங்ககிட்டயே தள்ளிட்டுப் போனார். இன்னைக்கு ஏதோ கல்யாணமாம்."

டுவேன் தலையை நிமிர்த்தினான். தேவாலயத்துப் படிக்கட்டில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட கனத்த மனிதர் ஒருவர், ஒரு ஹோஷிதா கேமராவைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு டோரன் லென்ஸை அதில் திருகித் திருகி, போலிஷ் மொழியில் யாருடைய அம்மாவையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாக் கல்யாணத்திலும் ஒரு கேமரா மாமா உண்டு. இந்தக் கல்யாணத்துக்கு நார்பர்ட் மாமா. பெண்ணின் தாய்மாமன், ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத் தகப்பன், முப்பது வருஷம் கார்ப்பெட் கடை வைத்து விற்று முடித்தவர்.

"எந்த மடப்பயலோ பெட்டிய மாத்தி வச்சிருக்கான் தம்பி," என்றார் மாமா. "அவன் மட்டும் கையில கெடச்சான்..."

"இருப்பாங்க சார் அப்படியும் சில பேர்," என்றான் டுவேன். "எனக்கும் அதே கதை, தலைகீழா. வாங்க, மாத்திக்கலாம்."

மாமா லென்ஸை நீட்டப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயில் சார்."

"அக்டோபர்லயா?" மாமா படியில் சாவகாசமாக உட்கார்ந்தார். "எனக்கென்ன அவசரம். நான் விருந்தாளி. பாட்டுப் பாடிட்டு, கேக்கு தின்னுட்டுப் போயிருவேன். நீதான கூலிக்கு வந்தவன்."

"சரி, என்ன வேணும்? சொல்லுங்க."

"முத்தம் குடுக்கிறப்போ நான் முன்னாடி நிக்கணும்."

"ரெண்டாவது வரிசை ஓரத்துல நில்லுங்க."

"முதல் வரிசை."

"முதல் வரிசை, ஓரம்."

"நடுவுல. ஒரு நொடி. டக்குனு எடுப்பேன், டக்குனு ஒதுங்கிருவேன். அவ என் ஞானமக, தம்பி."

மணி அடிக்க ஆரம்பித்தது. டுவேன் கையை நீட்டினான். லென்ஸ் கை மாறியது. அழகாகச் சொடுக்கென்று மாட்டிக்கொண்டது. ஏழு மாதக் கவலை அந்த ஒரு சத்தத்தில் தீர்ந்ததாக அவன் நினைத்தான்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. "கணவன் மனைவி" என்றார் பாதிரியார். மாப்பிள்ளை குனிந்தான். மாமா நடுவில் வந்தார். டக்கென்று எடுத்தார். ஒதுங்கத்தான் மறந்துபோனார்.

நகமோ கேமரா கூட்டத்தில் முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கும். அதற்காகத்தான் டுவேன் அதை வாங்கியது. மாமாவின் பிடரியில் கொழுத்த மடிப்பு இரண்டு இருந்தன. அவற்றை மூடிய கண்கள் என்று எடுத்துக்கொண்ட நகமோ, பச்சைக் கட்டம் போட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டோரன் லென்ஸ் வஞ்சகமில்லாமல் உழைத்தது. மயிர்க்கால்களை எண்ணலாம். பின்னால் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு புகைமூட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

வாசலில் டாரியா கேட்டாள்: "முத்தம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு... வந்துச்சுமா. ஆனா நெஜமான வெளிச்சம் சாயங்காலம்தான். மண்டபத்துக் குளத்தோரம், சூரியன் எறங்குறப்போ இன்னொண்ணு எடுப்போம். சுவத்துல மாட்டுற படம் அதுதான்."

"ஆறு மணிக்குச் சாப்பாடு வச்சிருவாங்களே."

"அதுக்கு முன்னாடி வந்து கூப்பிடுறேன்."

மண்டபத்தில் பந்தி டோலோரஸின் பொறுப்பு. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, குதிகால் தட்டாத செருப்பு. சமையலறைக் கதவில் அவள் நின்றால் முதலாளி கஸ்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆறுக்குக் கால் மணி இருக்கையில் அவள் டுவேனைப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டியலில் இன்னும் ஏறாத தன் பெயர் அந்தப் பார்வையிலேயே பாதி அடிபட்டுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அவன் பெண்ணை அழைக்கக் கிளம்பினான். நார்பர்ட் மாமா முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். நீ குடுத்த லென்ஸ் இடது மூலையில மங்குதே. நல்ல உருப்படிய நீ வச்சுக்கிட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். விடுங்க, வெளிச்சம் போகுது."

"ஒரே கார்ப்பெட்டுலயே இந்தச் சுருள் வேற, அந்தச் சுருள் வேற. எனக்குத் தெரியாதா? இல்ல, ஹோஷிதாதான் ஒசத்தியா? அதையாவது சொல்லிட்டுப் போ."

டுவேன் நடந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வாரமாக அவனைக் குடைந்த புழு அப்போதுதான் தலையைத் தூக்கியது. சரியானதைத்தான் வைத்துக்கொண்டோமா? மண்டபத்தின் மேற்குச் சுவர் முழுக்கச் செங்கல். அதன்மேல் மஞ்சள் வெயில். அப்படி ஒரு சுவர் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

"ஒரே ஒரு படம்," என்றான்.

இருவரும் கேமராவை மாற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு மூலைச் செங்கல். டோலோரஸ் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஏம்ப்பா, பொண்ணு மாப்பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போகப் போறியா, இல்லியா?"

"ரெண்டே நிமிஷம்மா!"

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே அக்கார்டியன் இசை தொடங்கியது. டுவேன் செங்கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தான். மூலை சுத்தமாக இருந்தது. அப்படியானால் ஹோஷிதாதானா? அடுத்த படத்தைத் தள்ளினான். மாமா எப்போதோ எடுத்த ஒரு பூனை. இன்னொரு பூனை. நிமிர்ந்தான். மாமாவைக் காணோம். கல்யாணம் முழுதும் அடங்கிய கேமராவும் மாமாவோடு போயிருந்தது.

மதுக் கூடத்தில் இல்லை. கோட்டு மாட்டும் அறையில் இல்லை. கழிப்பறைக் கதவுக்குக் கீழே குனிந்து காலணி பார்த்தான். அதுவும் மாமாவுடையது இல்லை, ஒரு நீதிபதியுடையது. "என்னப்பா தேடுற?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கடைசியில் மேடையேறிப் பார்த்தபோது, அக்கார்டியன்காரருக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மாமா திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்த. எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது தம்பி. என்ன சொல்லட்டும்?"

டுவேன் பாய்ந்தான். டிரம் உருண்டது. சிலர் கை தட்டினார்கள். கேமரா பிழைத்தது.

ஜன்னலுக்கு வெளியே குளம் கறுத்துக் கிடந்தது. சூரியன் யாருக்காகவும் நிற்கவில்லை. உள்ளே தட்டுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற டோலோரஸ் டுவேனை நீண்ட நேரம் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளிகள் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினால் மணமக்கள் முத்தமிட்டே ஆக வேண்டும். அது அங்கே கட்டாயம். தட்டினார்கள், முத்தமிட்டார்கள். மறுபடி தட்டினார்கள். சரக்கு சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. டுவேன் வியர்வையோடு எல்லாவற்றையும் எடுத்தான். எல்லாம் கூர்மை. எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் கன்னத்தில் உருளைக்கிழங்கு அடைத்திருந்தது.

பூட்ஸின் நிறம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கஸ்ஸிடம் போனான்.

"ஐயா, குளத்தோரப் படம் எடுக்க முடியல. தப்பு என்னுதுதான். பட்டியல்ல என் பேரு..."

"பட்டியலா?" கஸ் தோளைக் குலுக்கினார். "மண்டபம்தான் என்னுது. பட்டியல் டோலோரஸுது. உள்ள இருக்கா, போய்க் கேளு."

அவள் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டுவேன் வாயைத் திறப்பதற்குள் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. இந்த வருஷம் இங்க வந்த படக்காரன் ஒருத்தன் விடாம, சூரியன் எறங்குனதும் பொண்ணு மாப்பிள்ளைய ஓட்டிட்டுப் போயிடுவான். முக்கா மணி நேரம். அதுக்குள்ள என் மாட்டிறைச்சி செருப்பாயிடும். நீ ஒருத்தன்தான் அவங்கள நாற்காலியவிட்டு எழுப்பல. உன் பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன்."

டுவேன் உட்கார்ந்தான். "படம்... ஒரு தடவை பாத்துட்டுப் போடலாமே?"

"படத்த எவன் பாத்தான்?" என்றாள் டோலோரஸ். "நூத்தி அறுபது தட்டு வெளிய போச்சு. நூத்தி அறுபதும் ஆவி பறக்கப் போச்சு. என் கணக்கு சரி."